வாபஸ் கிடையாது

"ரெண்டு கையையும் மேசை மேல வைம்மா. நான் பாக்குற மாதிரி இருக்கணும்."

போலீஸ் ஸ்டேஷன் இல்லை, ஆபீஸ் மீட்டிங் ரூம். சொன்னவர் மேனேஜர். அவளுடைய லேப்டாப், செல்போன், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை எல்லாவற்றையும் பிடுங்கித் தன் பக்கம் அடுக்கி வைத்திருந்தார்.

அவள் கையை எடுத்து மேசை மேல் வைத்தாள். வேலை போனால் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது.

யூனிக்ஸ் சாயலில் எழுதப்பட்ட ஓர் இயங்குதளத்தின், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின், மூலநிரலைப் பராமரிக்கிற குழுவில் அவள் ஒருத்தி. முந்தின நாள் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். பாஸ்வேர்டே தெரியாதவன்கூட அதன் வழியாக நேராக உள்ளே புகுந்துவிடலாம். காலையில் வந்ததும் வராததுமாக அதை அடைக்க ஒரு திருத்தம் எழுதி, கொஞ்சம் நீளமான திருத்தம்தான், ஒப்புதல் வரிசையில் போட்டுவிட்டாள்.

வந்தது வினை. சாயந்திரம் ஒரு பெரிய கம்பெனி ஒப்பந்தம் போட வருகிறது. ஓட்டை விஷயம் தெரிந்தால் வந்த காரிலேயே திரும்பிப் போய்விடும்.

"நீயே வாபஸ் வாங்கிடும்மா. ஒரு மாசம் கழிச்சு நானே போடச் சொல்றேன்."

"ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துற மெஷின்லகூட இதுதான் சார் ஓடுது. இந்த ஒரு மாசத்துல எவனாவது உள்ள புகுந்து அளவை மாத்திட்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

மேனேஜருக்குச் சுருக்கென்றது. மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவன் பக்கம் திரும்பினார். "இவ பேசுறதை ஒண்ணு விடாம எழுதிக்கோ மாப்ள. வேலையை விட்டுத் தூக்குறப்ப தேவைப்படும்."

அவன் தலையாட்டினான். மேனேஜர் மனைவியின் தம்பி, அதே குழுவில்தான் இருக்கிறான், வேலையும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். பார்க்கிற வேலையைவிட அத்தானுக்குக் கூட்டக் குறிப்பு எழுதிக் கொடுப்பதுதான் அதிகம். ஆபீஸ் முழுக்க அவனுக்கு வாயில்லாப்பூச்சி என்றுதான் பெயர்.

"வாபஸ் கிடையாது சார்," என்றாள் அவள்.

"வாங்காட்டி மட்டும் என்ன கிழிஞ்சிடும்? நீ எழுதினதை நீயே உள்ள சேர்க்க முடியாது. குழுவுல இன்னொருத்தர் வரி வரியாப் படிச்சுப் பாத்து, சரின்னு சொல்லணும். உங்க ரூல்தானே அது? காலையிலயே எல்லார்கிட்டயும் பேசிட்டேன். ஒருத்தன் வாயைத் திறக்கல."

"அப்புறம் எதுக்கு சார் என்கிட்ட கெஞ்சுறீங்க?"

"யாரும்மா கெஞ்சுறா? வர்றவங்க முதல்ல பாக்கப் போறதே அந்த வரிசையைத்தான். போட்டவங்கதான் அதை எடுக்க முடியும். அதனாலதான் உன்கிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்."

"எனக்கு ஒரு டீ சொல்லுங்க சார்."

திமிரைப் பாருங்கள். ஆனாலும் டீ வந்தது. ஒவ்வொரு வாயாக, ஊதி ஊதிக் குடித்தாள். குடித்து முடித்துவிட்டு, "முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்குச் சரியாப் புரியல," என்றாள்.

வழிக்கு வருகிறாள் என்று மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். முதலிலிருந்து சொன்னார். சொன்னதோடு நிறுத்தாமல், "உன்னை டீம் லீடர் ஆக்குறேன். தனி ரூம் தர்றேன்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ரூம்ல ஜன்னல் இருக்குமா?"

"பெரிய ஜன்னலே இருக்கும்மா."

"வேண்டாம் சார். ஜன்னலைத் திறக்குறப்பல்லாம் ஓட்டை ஞாபகம் வரும்."

மேனேஜர் மேசையை ஓங்கித் தட்டினார். "இந்த ஊர்ல எவனும் உனக்கு வேலை கொடுக்காத மாதிரி பண்ணிடுவேன், பாத்துக்கோ."

"பண்ணுங்க. எவன் வீட்டுலயாவது எழவு விழுந்துட்டு, தெரிஞ்சும் சும்மா இருந்தவ நான்னு ஆகிட்டா, அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்காது. வேலை போனா போகட்டும். எடுக்க மாட்டேன். நூறு தடவை கேட்டாலும் இதேதான்."

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு அவளுடைய விரல்களையே முறைத்துக்கொண்டிருந்தார். அவள் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் குறிப்பு எழுதுகிறவனின் கீபோர்டு மட்டும் தட்தட்டென்று ஓடிக்கொண்டே இருந்தது.

போன் அடித்தது. கம்பெனிக்காரர்கள் கீழே வந்துவிட்டார்களாம். மேனேஜர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார்.

"கடைசியாக் கேக்குறேன். என்னதான் சொல்றே?"

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள் அவள்.

"என்ன முடிஞ்சுதா? கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

அவள் தன்னைப் பார்த்துக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பினார். வாயில்லாப்பூச்சி லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"முடிஞ்சுதுக்கா. வரி வரியாப் படிச்சாச்சு, சரின்னு சொல்லிட்டேன்."