அப்பாவியின் சந்தேகம்

“தலையாட்டுறவன் எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கான்னு நினைச்சியானா...” என்று பெரியப்பா ஏதோ சொல்வார். மீதிப் பாதி எவ்வளவு யோசித்தும் ஆசிரியருக்கு நினைவு வரவில்லை.

எதிரே கணினியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. வெளிநாட்டு வேலையை உதறிவிட்டு வந்து அவர் நடத்தும் இலவச வகுப்பு. இதில் சாமியும் கிடையாது, கட்சியும் கிடையாது. எதையும் ஆதாரம் கேட்டு யோசிப்பது எப்படி என்பது மட்டும்தான் பாடம். வருகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற பெரியவர்கள்.

“யார் சொன்னாலும் அப்படியே நம்பாதீங்க. நான் சொன்னாலும்!” என்றார்.

“சரிங்க சார்.”

“புரிஞ்சுது சார்.”

“இனிமே நம்ப மாட்டோம் சார்.”

திரை முழுக்கத் தலைகள் ஆடின. ஆசிரியர் பெருமூச்சு விட்டார். பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தலையாட்டலுக்காகவா அத்தனையும் விட்டுவிட்டு வந்தோம்?

தலையாட்டாத ஆள் ஒன்றே ஒன்றுதான். பெயர் ‘அப்பாவி’. முகம் காட்டாது, பேசாது. எழுத மட்டும் செய்யும். எழுதுவதெல்லாம் உளறல்.

காலையில்தான் மனைவியிடம் புலம்பியிருந்தார்.

“இன்னிக்கு அந்த அப்பாவி வாயைத் திறந்தா வெளியே தள்ளிடுவேன். ஒரே பேத்தல்.”

“தள்ளுங்க, தள்ளுங்க. கேள்வி கேளுங்கன்னு பாடம் நடத்துறீங்க, கேட்கிறவங்களைத் தள்ளாம வேற யாரைத் தள்ளுவீங்க?”

“அது கேள்வி இல்லம்மா, கிறுக்கு. உனக்கென்ன, உன் மறதிக்கு நீயும் அங்கே வந்து சேரலாம்.”

அவள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். நேற்று அவளை அழைத்துவரப் போனபோது அவரே பார்த்தார். ஒரு பெரியவரிடம் மாத்திரையைக் கொடுத்து, எப்போது போட வேண்டும் என்று விளக்கினாள். பெரியவர் “புரிஞ்சுதும்மா” என்று கிளம்பும்போது, “சாப்பாட்டுக்கு முன்னாடிதானேங்க?” என்றாள்.

“என்னம்மா நீ? இப்பதானே சாப்பாட்டுக்குப் பின்னாடின்னு சொன்னே!” என்று பெரியவர் முறைத்தார்.

“அட, ஆமாங்க” என்று சிரித்தாள். வழியெல்லாம் அதைச் சொல்லியே கிண்டல் செய்துகொண்டு வந்தார் ஆசிரியர்.

திரையில் எழுத்து முளைத்தது. அப்பாவிதான்.

‘சார், செடிகிட்ட தினமும் நல்ல வார்த்தை பேசினா வேகமா வளருது. நானே செஞ்சு பார்த்தேன். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?’

ஆசிரியரின் விரல் ‘நீக்கு’ பொத்தானுக்குப் போனது. அதற்குள் ஒரு மைக் திறந்தது.

“மன்னிக்கணும் சார், குறுக்கே பேசுறேன். அப்பாவி, பேசாம வளர்த்த செடி ஒண்ணு பக்கத்துல வச்சிருந்தீங்களா?” கேட்டது ஒரு பேருந்து ஓட்டுநர். சேர்ந்த நாளிலிருந்து ‘சரிங்க சார்’ தவிர எதுவும் சொல்லாதவர்.

“என் வீட்டுக்காரர் திட்டிக்கிட்டேதான் தண்ணி ஊத்துறார். அது கூரையைத் தொடுது!” என்றார் ஓர் அம்மா.

“அப்போ வார்த்தையா, தண்ணியா? அதைப் பிரிச்சுப் பார்க்கணும்ல?”

“ரெண்டு தொட்டி எடுங்க. ஒரே மண்ணு, ஒரே வெயில், ஒரே அளவு தண்ணி. ஒண்ணை மட்டும் கொஞ்சுங்க.”

“ரெண்டு போதாது. ஒண்ணு சவலையா இருந்தா? பத்துப் பத்து வைக்கணும்.”

“ஆனா கொஞ்சினவங்க அளக்கக் கூடாது” என்றார் நில அளவைத் துறையில் இருப்பவர். “பாசத்துல கூட்டி அளந்துடுவாங்க. எது கொஞ்சின செடின்னே தெரியாத ஆள் அளக்கட்டும்.”

ஆசிரியருக்குப் புல்லரித்தது. அது அவர் இன்னும் நடத்தாத பாடம். எத்தனையோ பேர் தடுக்கி விழுந்து எழுந்து கண்டுபிடித்த வழி. யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஓர் உளறலுக்குப் பதில் சொல்லும் அவசரத்தில், அவர் கண் முன்னே மறுபடி பிறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மைக்காகப் பச்சை விளக்கு ஏறியது, இருட்டிய தெருவில் வீடு வீடாக விளக்கேற்றுவது போல.

அப்போது வாசல் மணி அடித்தது.

மறுகணம் அதே மணி அவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலும் அடித்தது.

“இதோ வர்றேன்!” என்று பக்கத்து அறையிலிருந்து மனைவியின் குரல். சுவரைத் தாண்டி ஒருமுறை. ஹெட்போனில் இன்னொரு முறை.

திரையில், கைதவறித் திறந்த மைக்கோடு, ‘அப்பாவி’ பச்சையாக மின்னியது.

வகுப்பு முடிந்ததும் பக்கத்து அறைக்குப் போனார். அவள் கைப்பேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“அப்பாவிம்மா, கொஞ்சம் வெளியே வர்றீங்களா?”

“ஐயோ! மாட்டிக்கிட்டேனா?”

“ஏன் இப்படி?”

“கடையில ‘புரிஞ்சுதா’ன்னு கேட்டா, புரியலைன்னு யாருங்க சொல்றாங்க? மரியாதைக்குத் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. நான் தப்பாச் சொன்னாத்தான், புரிஞ்சவங்க திருத்துவாங்க. திருத்தாதவங்களை உட்கார வச்சு மறுபடி சொல்லுவேன்.” அவள் சிரித்தாள். “உங்களைத் திருத்த அவங்களுக்குக் கூச்சம். அப்பாவியைத் திருத்த என்ன கூச்சம்?”

அவர் அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் பழைய கம்பெனிக்கு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு வகுப்பை இப்படித் தொடங்கினார்:

“சூரியன்தான் பூமியைச் சுத்துது. எழுதிக்குங்க.”