இடப்பக்கச் சாய்வு

அரியாங்குப்பம் சாலையில் அந்த வேகத்தடையை நான் பார்க்கவில்லை. என் பழைய ஃபியட்டின் முன்பக்கத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் மவுண்ட் விரிசல் விட்டது. நல்ல டிரைவர் என்று நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டமும் அங்கேயே உடைந்தது.

சாரம் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அஃப்சல், ஜாக்கி வைக்குமுன் வழக்கம்போல, "எல்லாரும் எறங்குங்க" என்றான். நான் ஒருவன்தான் இறங்கினேன். அவன் இடப்பக்கக் கதவைத் திறந்து, சற்று நின்று, மெதுவாக மூடினான்.

மவுண்டுக்கு இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்தான். வண்டி நேராக நின்றது. நான் இடப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். என் மனைவி நிர்மலா இறந்த பிறகும், அவள் உட்காரும் இடப்பக்கம் சாய்ந்தே நின்ற வண்டி அது. "எல்லாம் உன் வெயிட்டு" என்று அவளைக் கேலி செய்தே காலம் ஓட்டியவன் நான்.

"பட்டைய எடுத்துடு தம்பி."

"மறுபடி ஒடஞ்சிரும்ண்ணே."

"ஒடையட்டும். எடுத்தா பழையபடி சாயுமா? நெஜத்தச் சொல்லு."

அஃப்சல் கையைத் துடைத்தான்.

"சாயாதுண்ணே. நான் எறங்கச் சொன்னதுமே அண்ணியும் எறங்கிட்டாங்க. ரொம்ப நேரம் உங்க பக்கத்துலதான் நின்னாங்க. நீங்க விரிசலையே பாத்துக்கிட்டிருந்தீங்க."