ஒன்பதாவது ஆள்

"பதினெட்டாயிரத்து அறுநூறுங்க! உங்க தம்பி நமக்குத் தரவேண்டிய பணம். அதைத்தான் இந்த ஆளு வாளித் தண்ணியில முக்கி வெச்சிருக்கான்!"

தையல்காரி கத்தரிக்கோலும் கையுமாக வாசலுக்கே வந்துவிட்டாள். துணி ஊறவைக்கும் வாளியின் அடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கேமரா கிடந்தது. எதிரே ஒரு தாடிக்காரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்போனில் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"பத்து நிமிஷந்தான்க்கா."

"பத்து நிமிஷம் உன் தலையை முக்கிப் பாரு, அப்பத் தெரியும்."

அவள் கணவன் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். படிக்கட்டில் உட்கார்ந்து, காலில் ஒட்டிக் காய்ந்திருந்த சிமென்ட்டை நிதானமாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். அந்த நிதானம்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மலையில் சைக்கிள் விட்டு வீடியோ எடுத்துப் பெரிய ஆளாகப் போகிறேன் என்று கிளம்பியவன் அவள் கொழுந்தன். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க அவள் மூன்று வருஷம் வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தை வாங்கிப் போய்த்தான் இந்தக் கேமராவை வாங்கினான். முதல் நாளே குப்புற விழுந்தான். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்குத்தான் கை இரண்டு இடத்தில் முறிந்தது. "பணம் தர்ற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி" என்று மாவுக்கட்டோடு வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

"வித்துத் தொலைங்க" என்றாள் கணவனிடம். "ஆள் வரும்" என்றான் அவன்.

வந்ததே! இவன் ஒன்பதாவது. எல்லாரும் வீடியோ போடுகிறவர்கள். வந்தார்கள், நனைத்தார்கள், மிதித்தார்கள், மாடியிலிருந்து போட்டார்கள், "சூப்பர்ணே" என்று கைகொடுத்துவிட்டுப் போனார்கள். கேமரா மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

துணிக்கடைக்காரர் நேற்றுக் கறாராகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்குள் சொந்த ஓவர்லாக் மெஷின் வந்துவிட்டால் நானூறு சட்டை அவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு. இன்றைக்குச் சனிக்கிழமை.

தாடிக்காரன் கேமராவை எடுத்துத் துடைத்து, பொத்தானை அமுக்கினான். "ஓடுது! உள்ள ஒரு சொட்டு இறங்கல!"

"அப்ப வாங்கிக்க வேண்டியதுதானே?"

தாடிக்காரன் முழித்தான். கணவன் குறுக்கே விழுந்தான். "நீ உள்ள போ, அடுப்புல ஏதோ தீயிற வாசம் வருது. அடுத்து என்ன தம்பி?"

"வண்டி ஏத்தலாம்ணே."

"வண்டியா? வெண்டைக்காய் வாங்குறவன் நுனியை ஒடிச்சுப் பாப்பான். அது மேல வண்டியா ஏத்திப் பாப்பான்?" என்றாள் அவள், உள்ளே போகாமல்.

ஏற்றினான். முன்சக்கரம் ஒரு தடவை, பின்சக்கரம் ஒரு தடவை. அவளுக்குத் தன் வயிற்றில் ஏறியமாதிரி இருந்தது. கேமராவை எடுத்தால் முதுகில் புதிதாக ஒரு நீளக் கீறல், சிவப்பு விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

"கீறலுக்கு ஆயிரம் ரூபா குறைப்பான் பாருங்க. உங்களுக்கு வாயே இல்லையா?"

"இருக்கு. நீ பேசி முடி, அப்புறம் திறக்குறேன்."

"கடைசியா மாடிண்ணே" என்றான் தாடிக்காரன்.

"எத்தனை தடவை?" என்றான் கணவன்.

"ரெண்டு போதும்."

மூன்றாம் மாடியின் கைப்பிடிச் சுவருக்கு மேலே தாடி தெரிந்தபோது, அவள் உள்ளே ஓடிப் போர்வையை உருவிக்கொண்டு வந்தாள். அதை விரித்துப் பிடித்து, அண்ணாந்தபடி கீழே இங்கும் அங்கும் ஓடினாள்.

"அக்கா, தள்ளுங்க! போர்வையில விழுந்தா கணக்குல வராது!" மேலிருந்து கத்தினான் அவன்.

"கெடுத்துடாதடி!" என்று கணவன் அவளைப் பிடித்து இழுத்தான். அவள் கையில் இருந்த ஒரே ஈடு, அவள் கண்ணெதிரே விழுந்து, துள்ளி, சாக்கடை ஓரம் போய் நின்றது. தாடிக்காரன் இறங்கிவந்து எடுத்துக்கொண்டு ஏறி, மறுபடியும் போட்டான்.

"இதுக்குச் சாவே கிடையாதுண்ணே. சூப்பர்!" கணவனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு, கேமராவை அவள் கையில் வைத்துவிட்டு, தாடிக்காரன் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போயிட்டான். ஒன்பதாவது ஆளும் போயிட்டான். இனிமே இதைப் பேரீச்சம்பழத்துக்குக்கூட எவனும் வாங்க மாட்டான். நானூறு சட்டையும் போச்சு. உங்களைக் கட்டிக்கிட்ட நேரம்…"

கணவன் உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்துவந்தான். சட்டைப்பையிலிருந்து சில நோட்டுகளை எடுத்து அதற்குள் போட்டு, அப்படியே அவளிடம் நீட்டினான். "எண்ணிக்க. பதினெட்டாயிரத்து அறுநூறு. தம்பி கடன் முடிஞ்சுது, கேமராவை அவன்கிட்ட கொடுத்துடலாம். முழுசாச் சேரட்டும்னுதான் உன்கிட்ட மூச்சு விடல."

அவள் நோட்டையும் அவன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஏதுங்க இவ்வளவு? ஒருத்தனும் வாங்கலையே!"

"விக்கிறேன்னு நான் எவன்கிட்டடி சொன்னேன்? சொந்தக் கேமராவைத் தூக்கிப் போட்டு வீடியோ எடுக்க எவனுக்கும் மனசு வராது. தண்ணிக்கு முந்நூறு, வண்டிக்கு முந்நூறு, மாடிக்குத் தடவைக்கு அறுநூறு, உடைச்சுட்டா முழு விலை!"