ஓலி கிழவரின் குரல்

"மூச்சு... மூச்சு விட முடியலை" என்றது கட்டிலில் கிடந்த பொம்மை.

"பெருசு, இன்னிக்கு நடிப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்று சிரித்தான் டுவைட். வெகுகாலம் லாரி ஓட்டிவிட்டு, அமெரிக்காவின் டுலூத் நகரில் நர்ஸிங் படிக்க வந்தவன்.

கூடப் படிக்கும் ஷெல்பி சிரிக்கவில்லை. பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால், லோர்னா சண்ட்பெர்க் மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டிருந்தாள்.

ஓலி என்ற அந்தப் பொம்மையைக் கண்டுபிடித்தவள் அவள். அதன் நாடி, மூச்சு, நீலம் பாரிக்கும் உதடு எல்லாம் அவள் மேசையிலுள்ள விசைகளில் இருந்தன. குரலுக்குப் போன வாரம்தான் காப்புரிமை கிடைத்தது. மைக்கில் யார் பேசினாலும் பொம்மையின் வாயிலிருந்து எழுபது வயதுக் கிழவர் பேசுவதாகவே கேட்கும். திணறினாலும் கிழவரின் திணறல்தான்.

இன்றைய பாடம் கால் எலும்பு முறிவு. மூச்சுத் திணறல் அதில் இல்லவே இல்லை.

காலையிலிருந்து கெண்டைக்கால் வலித்தது. உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்திருந்தாள். இப்போது நெஞ்சின் மேல் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போலிருந்தது. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டது என்று புரிந்தது.

எழப் பார்த்தாள். கால் மடங்கி நாற்காலியிலேயே விழுந்தாள்.

எதிரிலிருந்த கண்ணாடியை அறைந்தாள். இரட்டைக் கண்ணாடி. துளிச் சத்தம்கூட வகுப்புக்குள் போகக் கூடாது என்று அடம்பிடித்துப் போடவைத்ததே அவள்தான். இங்கிருந்து வகுப்பு தெரியும். அங்கிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி.

மைக்கை இழுத்தாள். "நான்... லோர்னா..."

ஷெல்பி பொம்மையின் மேல் குனிந்தாள். "லோர்னா யாருங்கய்யா, உங்க வீட்டம்மாவா?" டுவைட்டிடம் திரும்பினாள். "ஆள் குழம்புறாரு. ஆக்சிஜன் போதலை."

அவர்களுக்கு அவள் மிஸஸ் சண்ட்பெர்க். முதல் பெயர் தெரியாது. தெரிந்த பெயரைச் சொல்ல அவளிடம் மூச்சு இல்லை.

இருவரும் பொம்மையின் தலையை உயர்த்தினார்கள். பிளாஸ்டிக் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தினார்கள். ஒரு பிசகும் இல்லை. அவள் தவிக்கத் தவிக்க அவர்களுடைய அக்கறை கூடியது. தான் செத்த பிறகும் இவர்கள் அந்த நெஞ்சைத்தான் அழுத்திக்கொண்டிருப்பார்கள் என்று லோர்னாவுக்குத் தோன்றியது.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. விரல்கள் விசைகளைத் தடவின.

எலும்பு முறிவு வலிக்காகக் கூட்டி வைத்திருந்த நாடியைச் சீராக்கினாள். மூச்சைச் சீராக்கினாள். வெளிறிய உதட்டுக்குச் சிவப்பேற்றினாள்.

ஓலியின் மார்பு அமைதியாக ஏறி இறங்கியது. கட்டிலருகே நாடி காட்டும் திரையில் ஒரு கோளாறும் இல்லை. வாயிலிருந்து மட்டும் ஒரு கிழவர் மூச்சுக்குப் போராடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

டுவைட் கையை எடுத்தான். முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"ஷெல்பி, பெருசு நல்லாத்தான் இருக்காரு. அப்ப இங்க மூச்சு வாங்குறது யாரு?"

இருவரும் மெல்லத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார்கள். அவர்கள் முகங்கள்தான் அதில் தெரிந்தன.

கதவு திறந்தபோது லோர்னா தரையில் கிடந்தாள். டுவைட் மண்டியிட்டு அவளைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டான்.

ஷெல்பி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். "ஆமா, பயிற்சிக்காக அடிக்கடி உங்களைக் கூப்பிடுற அதே காலேஜ்தான்! இல்லைங்க, இந்த போன் பயிற்சிக்கு இல்லை. சத்தியமா இல்லை!"

மறுமுனையில் நம்பவில்லை போலிருக்கிறது. ஷெல்பி சட்டென்று குனிந்து போனை லோர்னாவின் வாயருகே வைத்தாள்.

பேச்சு வரவில்லை. ஒரு பெண்ணின் மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது.



"வண்டி கிளம்பிடுச்சும்மா" என்றது எதிர்முனைக் குரல். "போனை அங்கயே வையுங்க. எனக்கு அந்த மூச்சு கேட்டுக்கிட்டே இருக்கணும்."