காலி மனை

"போட்டோ எங்க நைனா?" என்றார் பத்திரம் எழுதும் சண்முகவேல்.

பிராங்கிளின் ஆதார் நகலில் இருந்த தன் போட்டோவைக் காட்டினான்.

"உன் மூஞ்சிய வெச்சிகினு நான் இன்னா பண்ண? மனையோட போட்டோ. காலி மனைன்னா கட்டாயம். அங்கயே நின்னு எடுக்கணும். எங்க எட்த்தன்னு போட்டோவுலயே எடம் வுழுந்துடும்; வேற எங்கனா எட்த்தா போனே காட்டிக் குட்த்துடும்."

காலி மனை என்று எழுதச் சொன்னது பிராங்கிளின்தான். வீடு என்று எழுதினால் வரி ரசீது, கரண்ட் பில் என்று கேட்டுப் பிராணனை வாங்குவார்கள் என்று யோசித்து, வாழ்நாளில் முதன்முறையாகச் சாமர்த்தியம் செய்திருந்தான்.

அவன் தெருக்காரர்களுக்குக் குடிசை மாற்று வாரியம் மாற்று வீடு கொடுக்கிறது. சொந்த மனைக்குப் பத்திரம் காட்ட வேண்டும். நாளை கடைசி நாள்.

மனை அம்மா இருதயம்மாள் பெயரில் இருக்கிறது. அம்மா பெயருக்கு முன்பே ஒரு வாரிய வீடு வந்து, அக்காவின் கல்யாணத்தோடு போய்விட்டது. ஒரு பெயருக்கு இரண்டாவது கிடையாது. ஆகவே இன்றைக்குள் அம்மா அதை மகனுக்கு எழுதிக்கொடுத்து, அது பதிவும் ஆகிவிட வேண்டும்.

இல்லாவிட்டால் இனியும் ராயபுரம்தான், மச்சான் வீட்டு மாடிப்படிக்கு அடியில். அங்கே அவனும் மனைவி சில்வியாவும் இரண்டு பிள்ளைகளும் தலையும் காலும் மாற்றி மாற்றிப் படுக்கிறார்கள்.

மச்சான் நல்லவர். எப்போது காலி செய்வீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் மாடியிலிருந்து இறங்கும்போது பெருமூச்சு மட்டும் விடுவார்.

சில்வியா அந்த மூச்சுக்குத்தான் அழுவாள்.

"அஞ்சு மணிக்கு மேல சர்வர் தூங்கிடும்," என்றார் சண்முகவேல். "பக்கத்துலதான கீது எடம்? ஓடிப் போய் ஒரு கிளிக்கு. இதுக்கு இன்னாத்துக்கு எழவு வூட்டு மூஞ்சி?"

பிராங்கிளின் அம்மாவைப் பார்த்தான். அம்மா பதிவு அலுவலகச் சுவரைப் பார்த்தாள். 'இடைத்தரகர்களைத் தவிர்க்கவும்' என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழேதான் சண்முகவேல் நாற்காலி போட்டிருந்தார்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஆட்டோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. 'இடைவெளி விட்டு வரவும்' என்று எழுதிய மணலி டேங்கர் ஒன்று ஆட்டோவோடு ஒட்டி உறவாடிக்கொண்டு நின்றது.

பிராங்கிளின் மாதாவை வேண்டினான். லாரி நகரவில்லை. பக்கத்திலேயே இருக்கிறாளே என்று வடிவுடையம்மனையும் வேண்டிக்கொண்டான். அம்மா கவனித்தாள். இன்றைக்கு அதை மன்னித்துவிட்டாள்.

ஆட்டோவை விட்டு இறங்கி, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். வழியில் அவள் செருப்பு அறுந்தது. இன்னொன்றையும் அவளே கழற்றி எறிந்தாள்.

கடற்கரையில் அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருந்த பாறைகளுக்கு அந்தப் பக்கம், சித்தப்பா மகன் அருள்பிரகாசம் படகின் எஞ்சினைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தான். போனில் விஷயத்தைக் கேட்டபோதுகூட அவன் சிரிக்கவில்லை. அவனுக்கும் நாளைதான் கடைசி நாள்.

அலை தூக்கித் தூக்கிப் போட்டது. பிராங்கிளின் ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை நீட்டினான்.

"இரு," என்றாள் இருதயம்மாள், தண்ணீரை உற்றுப் பார்த்தபடி. "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ அருளு. இது பட்டம்மா வூட்டு சமையக்கட்டு."