உரித்து வைத்த ஜாடை

தெருவில் எந்தக் குழந்தை பிறந்தாலும் முதல் ஆளாய்ப் போய் நின்று, மூக்கு அப்பனுடையது, முழி தாய்மாமனுடையது என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் தையல்காரம்மா, இன்று மருத்துவர் அறையில் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேசை விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் அவள் குடும்பம், ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமுமாகக் காகிதத்தில் இறங்குகிறது. மார்பில் புற்றுநோய் வந்து செத்த அத்தையின் வட்டத்தை மருத்துவரின் பேனா கறுப்பாக்குகிறது. அடுத்துத் தையல்காரம்மாவுடையதை. "இது பரம்பரையா வர்றதும்மா. உங்க அப்பா வழியா உங்களுக்கு வந்திருக்கு. பொண்ணுக்கு வந்திருக்கப் பாதி வாய்ப்பு, வராம இருக்கப் பாதி. ரத்தத்தைச் சோதிச்சாத் தெரிஞ்சிடும்." கீழே மகளின் வட்டம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. மின்விசிறியில் காகிதத்தின் ஓரம் படபடக்கிறது. ஊசி குத்திக் காய்த்த விரல்நுனியைக் கிள்ளிப் பார்க்கிறாள். உறைக்கவில்லை. பக்கத்தில் மகள் சிரிக்கப் பார்க்கிறாள்: "ஊர் பூரா என்னம்மா சொல்லுவே? 'எம்பொண்ணு என்னை அப்படியே உரிச்சு வச்சிருக்கா'ன்னுதானே?" துணிக்கு அளவெடுப்பதுபோல, தன் முகமேயான அந்த முகத்தைத் தையல்காரம்மா மேலிருந்து கீழ்வரை பார்க்கிறாள். "யாருடி சொன்னா? நீ அச்சு அசல் உங்கப்பன் ஜாடை."