ரேட் பேசாத கம்பெனி

இருபதாயிரத்து அறுநூறு ரூபாய். பனியன் கம்பெனி முதலாளி பொங்கியண்ணன் தனக்குத் தரவேண்டியதை வேல்விழி ஒரு தாளில் எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். பதினோரு மாசத்தில் முப்பது தடவை வந்து கம்ப்யூட்டர் பழுதுபார்த்த கூலி, தடவைக்கு நானூறு. மாற்றிப் போட்ட பாகங்கள் எட்டாயிரத்து அறுநூறு.

பாகமெல்லாம் ஆரோக்கியராஜ் கடையில் கடன் சொல்லி வாங்கியது. இன்று சாயங்காலத்துக்குள் காசு வராவிட்டால் இனி ஒரு ஒயர்கூடத் தரமாட்டேன் என்று அவர் நேற்றே சொல்லிவிட்டார். பாகம் இல்லாமல் அவளுக்குத் தொழில் இல்லை.

பல்லடம் ரோட்டுச் சந்தில் அவள் பார்த்துவரும் பனியன் கம்பெனிகள் ஒன்பது. மற்ற எட்டிலும் ரேட்டுக்குச் சண்டைதான். எதையும் பீஸ் கணக்கில் பார்த்தே பழகின முதலாளிகள். காலர் வைக்கிற டெய்லர் நானூறு ரூபாய் பார்க்க எத்தனை பீஸ் ஓட்டணும், நீ வந்து அஞ்சு நிமிசம் தட்டிட்டு நானூறு கேட்கிறாயே என்பார்கள்.

அதனால் அஞ்சு நிமிச வேலையை அவள் ஒரு மணி நேரம் இழுப்பாள். பில் போடுகிற கம்ப்யூட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு, சும்மாவாவது தூசி துடைப்பாள். வியர்வையைப் பார்த்தால்தான் சிலருக்குக் கை பாக்கெட்டுக்குப் போகும்.

பொங்கியண்ணன் கம்பெனியில் அந்தத் தொல்லை இல்லை. டீக்கடைக்காரரிடம் ஒரு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிற மனுசன், முதல் நாள் அவளிடம் ரேட் என்னவென்றுகூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை சீட்டு நீட்டும்போதும், எழுதிக்கிட்டேன் கண்ணு என்பார். அதோடு சரி.

இந்தக் கம்பெனியைப் பிடித்துக்கொடுத்தது அவள் அப்பா சந்தனம். பரமக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, இருபது வருசம் இங்கேதான் அயர்ன் போட்டார். இடுப்பு விட்டுப்போன பிறகு வேறொரு மில்லில் வாட்ச்மேன்.

"அங்க மட்டும் நீ ரேட் பேசாத தாயி, நானூறுன்னு நானே பேசிட்டேன்" என்று சொல்லித்தான் அவளை அனுப்பினார். மாசாமாசம் கேட்டு முதலாளி மனசை நோகடிக்க வேண்டாம், மொத்தமாக வாங்கினால் ஒரு காரியத்துக்கு ஆகும் என்றார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இன்று காலையிலும் அவள் கிளம்பும்போது தடுத்தார். சரக்கு இன்னும் கப்பல் ஏறவில்லை, முதலாளி கையில் பண ஓட்டம் இருக்காது, அடுத்த வாரம் நானே கூட வருகிறேன் என்றார். ஆரோக்கியராஜ் அடுத்த வாரம்வரை பொறுக்கமாட்டார் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

பொங்கியண்ணன் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். வேல்விழி மேசைமேல் இரண்டு தாள் வைத்தாள். ஒன்று பழைய கணக்கு. இன்னொன்று இரண்டு நாளாக யோசித்து அடித்துக்கொண்டு வந்த புது ரேட்.

வந்து பார்க்க ஐந்நூறு. ஞாயிற்றுக்கிழமை என்றால் எழுநூறு. பாகத்துக்கு முன்பணம். கூலி அன்றன்றைக்கே. பொங்கியண்ணன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பீஸ் கணக்கு இப்போது வரும், இப்போது வரும் என்று அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

"ரேட்டு நாயமாத்தான் கண்ணு இருக்குது. நாளையிலிருந்து இதே போட்டுக்க. பழைய கணக்கை இன்னைக்கே முடிச்சுப்போடலாம்."

அவளுக்கு டீ அப்போதுதான் இனித்தது. மேசைக்குக் கீழே போனை எடுத்து, ஒரு மணி நேரத்தில் பணத்தோடு வருகிறேன் என்று ஆரோக்கியராஜுக்குச் செய்தி தட்டினாள். இந்த மனுசனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பொங்கியண்ணன் டிராயரை இழுத்தார். மூன்று இருநூறு ரூபாய் நோட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அவள் எழுதிவந்த கணக்கின் மேல் சிவப்புப் பேனாவில் குறுக்கே 'பைசல்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். டிராயர் மூடிக்கொண்டது.

அவள் மூன்று நோட்டையும் பார்த்தாள். மூடின டிராயரையும் பார்த்தாள்.

"சார், அறுநூறுதான் இருக்கு. மீதி இருபதாயிரம்?"

பொங்கியண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். ஏமாற்றுகிறவன் முகம் அவளுக்குத் தெரியும். எட்டுக் கம்பெனியில் பார்த்திருக்கிறாள். இது அந்த முகமில்லை. நிஜமாகவே புரியாமல்தான் பார்த்தார்.

"உங்கப்பாரு சொல்லலீங்களா கண்ணு? நீ வேலைக்கு வர்றதுக்கு முந்தின நாளே, அதை உம் பேருல அட்வான்ஸா வாங்கிட்டுப் போயிட்டாரே."